டிசம்பர் 1 கூட்டம்: நிகோசியைப் பற்றிப் பேசுவோம்

வணக்கம் நண்பர்களே. நம் செஞ்சுருள் சங்கத்தின் உலக எய்ட்ஸ் தினக் கூட்டம் டிசம்பர் 1, மதியம் 3 மணிக்கு, நூலக மாடியில்.

போன வருடம் கோலம், பேரணி என்று முடித்துவிட்டோம். இந்த முறை ஒரு பையனைப் பற்றிப் பேசலாம். தென்னாப்பிரிக்காவின் நிகோசி ஜான்சன், பிறவியிலேயே எச்.ஐ.வி. உள்ளவன். 1997இல் அவனைப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். வளர்ப்புத் தாய் போராடி இடம் வாங்கினார். 2000 ஜூலையில், டர்பன் சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டின் தொடக்க மேடையில், 11 வயதில், தொளதொளவென்று ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றான். எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கு ஏ.இசட்.டி. மருந்து கொடுங்கள், குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கலாம் என்று அரசிடமே கேட்டான். எங்களைக் கட்டிப்பிடித்தால் நோய் ஒட்டாது என்றான். எனக்கு இன்னும் நெஞ்சை அடைக்கிறது. 2001 ஜூன் 1 அன்று இறந்துபோனான். சர்வதேசக் குழந்தைகள் அமைதிப் பரிசாகத் தரும் சிலைக்கு அவன் பெயர்தான்.

அந்த உரையைத் தமிழில் எழுதி வாசிக்க இரண்டு பேர் வேண்டும். புதன்கிழமைக்குள் பெயர் கொடுங்கள்.

அப்புறம், எச்.ஐ.வி. பரிசோதனை பற்றிச் சந்தேகம் இருந்தால் குழுவில் எழுதத் தயங்குவீர்கள், புரிகிறது. 1097, எய்ட்ஸ் உதவிக்கான இலவச எண், கூப்பிட்டுக் கேளுங்கள்.