செயலாளர் ஆண்டறிக்கை: 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கொல்கத்தா லேக் மார்க்கெட் வட்டாரத் தமிழர்கள் வங்க இலக்கியத்தைக் கூடிப் படிக்கும் நமது வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். இவ்வாண்டு வங்கச் சிற்றிதழ்களையே படிப்பதென்று முடிவு செய்திருந்தோம். திட்டமிட்ட பன்னிரண்டு கூட்டங்களில் பத்து நடந்தன; ஒன்றை மழைவெள்ளமும் மற்றொன்றைப் பூஜை விடுமுறையும் கொண்டுபோயின.

பங்கிம் சந்திரர் 1872இல் தொடங்கிய ‘வங்கதரிசனம்’ ஒரே கூட்டத்தில் முடிந்தது. பிரமத சௌதுரி 1914இல் தொடங்கிய ‘சபுஜ் பத்ர’ இதழுக்கோ இரண்டு கூட்டங்கள் போதவில்லை. சாது பாஷை என்னும் ஏட்டு வழக்கை விடுத்துப் பேச்சை ஒட்டிய சலித் வழக்கில் எழுத வேண்டும் என்று அவ்விதழ் வாதாடியதும், தாகூர் தமது ‘கரே பாய்ரே’ நாவலை அந்த வழக்கிலேயே அதில் தொடராக எழுதியதும், செந்தமிழா பேச்சுத்தமிழா என்ற நமது பழைய சண்டையைக் கிளப்பிவிட்டன. இவ்வறிக்கை எந்த வழக்கில் வரும் என்று அன்றே ஓர் உறுப்பினர் கேட்டுவைத்தார்.

புத்ததேவ போஸ் 1935இல் தொடங்கிய ‘கவிதா’ இதழே நமக்கு மிக நெருக்கமாயிற்று. அதன் முகவரியாக நெடுங்காலம் விளங்கிய ‘கவிதா பவன்’ இருந்தது 202, ராஷ்பிகாரி அவென்யூவில். நாம் நாள்தோறும் காய்கறிப் பையோடு நடக்கும் அதே சாலை. ஜீபனானந்த தாஸின் ‘வனலதா சென்’ கவிதை முதலில் ‘கவிதா’வில் வெளிவந்ததும், 1942இல் ‘ஒரு பைசாவுக்கு ஒன்று’ என்னும் பொருள்படும் மலிவு வரிசையில் அதே பெயரில் சிறு நூலானதும் உறுப்பினர் பலருக்குப் புதிய செய்திகள்.

சந்தீப் தத்தா 1978இல் டேமர் லேனில் தம் வீட்டிலேயே சிற்றிதழ் நூலகம் தொடங்கி, 2023இல் மறையும்வரை அதைக் காத்துவந்ததைப் பேசிய கூட்டத்தில், நாம் சேர்த்த இதழ்களை வைத்திருக்கும் நமது பீரோவைப் பற்றிய கேள்வியும் எழுந்தது. ஆகஸ்டு மழையில் கீழ்த்தட்டில் நீர் புகுந்து பதினான்கு இதழ்கள் வீணாயின. காலேஜ் ஸ்ட்ரீட் பழைய கடையில் வாங்கிய ஓர் இதழில், அச்சுப்பிழையை யாரோ நீல மையால் ஒவ்வொரு பக்கமாகத் திருத்தியிருந்தார்கள். அந்த மை கரைந்து பக்கம் முழுவதும் பரவிவிட்டது. சாவி என்னிடம் இருந்ததால் பொறுப்பும் என்னுடையதே.

எனவே உயரமான கால்கள் கொண்ட இரும்பு பீரோ ஒன்று வாங்கவும், எஞ்சிய இதழ்களை ஒளிப்படி எடுக்கவும், அதற்கென இவ்வாண்டு மட்டும் சிறப்புச் சந்தா திரட்டவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்