7805 வாங்குவோருக்கு ஒரு மடல்
மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"7805 போட்டும் 5 வோல்ட் நிலையாக நிற்கவில்லை" என்று ஐசியைத் திருப்பிக் கொண்டுவருகிறீர்கள். 7805 என்பது உள்ளே வரும் கூடுதல் வோல்டேஜை நிலையான 5 வோல்ட்டாக்கித் தரும் ரெகுலேட்டர் ஐசி. பெரும்பாலும் ஐசி நன்றாகவே இருக்கிறது. கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது. அரை ஆம்பியர் எடுக்கும் ஒரு சப்ளையை வைத்தே பார்ப்போம்.

9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் அலையின் உச்சி 12.7 வோல்ட். ஏசியை டிசியாக்கும் நான்கு டயோடு பிரிட்ஜில் மின்னோட்டம் எப்போதும் இரண்டு டயோடுகளைக் கடந்தே போகும். 1என்4007 டயோடு இரண்டும் சேர்ந்து சுமார் 1.8 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது 10.9, அதுவும் உச்சியில் மட்டும். அடுத்த உச்சி வரும் வரை, ஏறக்குறைய 10 மில்லிசெகண்டு, லோடுக்குக் கொடுப்பது கெப்பாசிட்டர்தான். 1000 மைக்ரோஃபாரட் என்றால் அதற்குள் 5 வோல்ட் வரை இறங்கி 5.9-க்கு வந்துவிடும். 7805-க்கோ உள்ளே (இன்புட்டில்) குறைந்தது 7 வோல்ட் வேண்டும். அதனால்தான் ஆம்ப்ளிஃபயரில் இரைச்சல், மைக்ரோகண்ட்ரோலரில் காரணம் தெரியாத ரீசெட். மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும். உள்ளே 8 வோல்ட்டுக்கு மேல் இருப்பதாகத் தெரிவதால் பழி ஐசி மேல் விழுகிறது.

2200 மைக்ரோஃபாரட் போடுங்கள். சரிவு 2.3 வோல்ட்டோடு நின்றுவிடும். 25 வோல்ட் கெப்பாசிட்டராகவே வாங்குங்கள். லோடு இல்லாதபோதும் லைன் வோல்டேஜ் ஏறும்போதும் 16 வோல்ட் தாங்காது. டிரான்ஸ்ஃபார்மர் 1 ஆம்பியர் இருக்கட்டும். உச்சிக்கு உச்சி துடிப்பாக மின்னோட்டம் இழுக்கப்படுவதால் அரை ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் கொதித்துவிடும்.

"12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் தாராளமாக இருக்குமே" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். 7805 மிச்ச வோல்டேஜை வெப்பமாக்கித்தான் தொலைக்கிறது. 9 வோல்ட்டில் சுமார் இரண்டரை வாட், 12-ல் நாலரை. ஹீட்சிங்க் இல்லாத ஐசி ஒரு வாட்டுக்கே ஏறக்குறைய 65 டிகிரி சூடேறும். அளவு மீறினால் தானே நின்று, ஆறியதும் திரும்ப ஓடும். "விட்டு விட்டு வேலை செய்கிறது" என்பது பெரும்பாலும் இதுதான். 9 வோல்ட்டுக்கும் சிறிய அலுமினிய ஹீட்சிங்கும் வெப்பம் கடத்தும் பேஸ்டும் கட்டாயம்.

உள்பக்கம் 0.33, வெளிப்பக்கம் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்களை ஐசியின் கால்களை ஒட்டியே சால்டர் செய்யுங்கள். தள்ளி வைத்தால் ஐசி ஆசிலேட் ஆகக்கூடும், அதாவது வெளிவரும் வோல்டேஜ் தானாகவே அதிரும்.

டயோடைச் சோதிக்க, சப்ளையை நிறுத்தி, கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்து, ஒரு காலைக் கழற்றுங்கள். மீட்டரின் டயோடு நிலையில் ஒரு பக்கம் 0.5 முதல் 0.7 காட்ட வேண்டும், மறுபக்கம் எதுவும் கூடாது. இரு பக்கமும் பூஜ்யம் என்றால் ஷார்ட். ஃபியூஸ் போவதற்கும் டிரான்ஸ்ஃபார்மர் சூடாவதற்கும் அதுவே காரணம். ஒரு டயோடு ஓப்பன் ஆனால் சப்ளை பாதி அலையில் ஓடும், சரிவு இரட்டிப்பாகும்.

மைனஸ் சப்ளைக்கு, மைனஸ் 5 வோல்ட் தரும் 7905 வாங்குவோர் கவனிக்க: அதன் கால் வரிசை வேறு. 7805-ன் உலோக முதுகு கிரவுண்ட். 7905-ல் அது இன்புட். இரண்டையும் ஒரே ஹீட்சிங்கில் மாட்டினால் 7905-க்கு மின்சாரம் கடத்தாத மைக்கா ஷீட்டும் ஸ்க்ரூவுக்கு புஷ்ஷும் வேண்டும்.

வாங்க வரும்போது எத்தனை ஆம்பியர் லோடு, என்ன டிரான்ஸ்ஃபார்மர் என்று சொல்லுங்கள். கெப்பாசிட்டரையும் ஹீட்சிங்கையும் கணக்குப் பார்த்தே எடுத்துத் தருகிறோம்.