குரங்கு ஆடினால் சுங்கம் இல்லை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு எழுதவும் படிக்கவும் கூடாது என்று டாக்டர் தடை போட்டிருந்தார். நேற்றுதான் விடுதலை. இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, என் கையெழுத்தின் லட்சணம் உட்பட.

உன் பேத்தி எழுதும் நாடகத்தில் ராஜா, ராணி, குதிரை வீரன் தவிர வேறு யாரை வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். முப்பது வருடம் வரலாறு நடத்தியவளிடம் இதைக் கேட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தேதானே கேட்டாய்? சரி, அனுபவி.

பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாரிஸை எடுத்துக்கொள்ளச் சொல். 1268 வாக்கில் எத்தியேன் புவாலோ என்ற நகர அதிகாரி, ஏறக்குறைய நூறு தொழில்களின் விதிகளைத் தொகுத்து எழுதவைத்தார். சுங்க விதிகளும் அதில் உண்டு. சேன் ஆற்றின் சிறிய பாலம் வழியாக ஒருவன் குரங்கோடு வருகிறான். விற்கக் கொண்டுவந்தது என்றால் 4 தெனியே காசு கட்ட வேண்டும். ஆசைக்கு வாங்கி வளர்ப்பவன் என்றால் ஒன்றும் வேண்டாம். வித்தைக்காரன் என்றால் சுங்கக்காரர் முன்னால் குரங்கை ஆடவிட்டால் போதும். குரங்கு அதே குரங்குதான். கயிறு யார் கையில் என்று பார்த்துத்தான் சட்டம் பேசும். அந்த ஊரே எனக்கு இப்படித்தான் தெரிகிறது.

இரவு வெளிச்சத்தையே பார். விளக்கொளியில் வேலை சுத்தமாக வராது என்பதால் பல தொழில்களில் இரவு வேலைக்குத் தடை இருந்தது. பொற்கொல்லர்களுக்கும் அதே தடைதான், ஆனால் ராஜா குடும்பத்துக்கோ பாரிஸ் பிஷப்புக்கோ நகை என்றால் இரவிலும் செய்யலாம்! அரண்மனைக்கு மட்டும் விளக்கொளியில் வேலை சுத்தமாக வந்துவிடும் போலிருக்கிறது. அப்புறம் 1294-இல் நான்காம் பிலிப் போட்ட ஆணை. நகரத்து வணிகர் வீட்டுப் பெண்கள் வண்டி வைத்துக்கொள்ளக் கூடாது, மெழுகுப் பந்தம் பிடிக்கக் கூடாது, உயர்ந்த ரக மென்மயிர்த் தோலாடை கூடாது. எத்தனை வகை உணவு பரிமாறலாம் என்பதற்குக்கூடக் கணக்கு இருந்தது. பணம் சேர்ந்தவர்கள் பிரபுக்கள் மாதிரி உடுத்தத் தொடங்கியிருக்கிறார்கள், அது மேலே இருந்தவர்களின் கண்ணை உறுத்தியிருக்கிறது என்றுதான் நான் படிக்கிறேன். கூலியாட்களுக்கு ஆணையெல்லாம் தேவைப்படவில்லை. விடிந்ததும் கிரேவ் சதுக்கத்தில் போய் நிற்பார்கள், யாராவது வேலைக்குக் கூப்பிட்டால் அன்றைக்குச் சாப்பாடு.

பேத்திக்குப் பிடிக்கக்கூடிய ஆட்கள் பட்டு நூற்கும் பெண்கள். அவர்களுக்கென்றே தனிச் சங்கம், தனி விதிகள், பயிற்சிக்கு வரும் சிறுமிகள் எல்லாம் உண்டு. ஆனால் பட்டு அவர்களுடையதல்ல, வணிகர் கொடுப்பது. அதை அடகு வைக்கக் கூடாது என்று விதியில் எழுதவேண்டி வந்திருக்கிறது பார், அங்கேயே ஒரு காட்சி இருக்கிறது.

மாணவர்கள் இன்னொரு ரகம். 1200-இல் ஒரு மதுக்கடைச் சண்டை பெரிதாகி, நகர அதிகாரியின் ஆட்களால் மாணவர்கள் சிலர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு, மாணவன் தப்பு செய்தால் திருச்சபை நீதிமன்றத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும் என்று அரசர் பிலிப் அகஸ்டஸ் சாசனம் கொடுத்தார். அடிவாங்கிய கடைக்காரர் யாரிடம் போவார்? யூதர்கள் நிலைமை நேர் எதிர். 1269-இல் துணியில் வட்ட அடையாளம் தைத்துக்கொள்ள வைத்தார்கள், 1306-இல் சொத்தைப் பறித்துக்கொண்டு நாட்டைவிட்டே விரட்டினார்கள். இதை நாடகத்தில் வைப்பதென்றால் சிரிப்புக் காட்சிக்கு நடுவில் வைக்க வேண்டாம் என்று சொல்.

பன்றியைச் சொல்ல மறந்தேனே! 1131-இல் பட்டத்து இளவரசனின் குதிரை ஒரு பன்றியால் இடறி, அவன் விழுந்து செத்துப்போனான். தெருவில் பன்றி திரியக் கூடாது என்று தடை வந்தது. புனித அந்தோணியார் மடத்துப் பன்றிகளுக்கு மட்டும் விலக்கு, கழுத்தில் மணி கட்டியிருக்க வேண்டும்.

உன் சின்னப் பேரனுக்கு வசனம் மனப்பாடம் ஆகாது என்று புலம்பியிருந்தாயே, அவனுக்கு அந்தப் பன்றி வேஷத்தைக் கொடுத்துவிடச் சொல். மணியை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

அன்புடன்,
சாரதா