மருந்து எழுதுமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

திருகோணமலை மாவட்டத்தில் பயிர்ப் பாதுகாப்பு ஆலோசனை சொல்லும் அலுவலர்களுக்கு,

வணக்கம். கௌப்பியில் அழுக்கணவன் (சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி) விழுவது உங்களுக்குப் புதினமில்லை. ஆனால் அண்மையில் ஒரு வயல் கூட்டத்தில் “இந்தப் புழுவுக்கும் சேர்த்து அடியுங்கள்” என்று காட்டப்பட்டது பொறிவண்டின் குடம்பி, அதாவது வண்டாக மாறுமுன் இருக்கும் புழுப் பருவம். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சிவப்பு வண்டைச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குடம்பியை யாருக்கும் தெரியாது. கருஞ்சாம்பல் உடம்பு, மஞ்சள் புள்ளி, ஆறு கால், குட்டி முதலை மாதிரி. வண்டைப் போலவே அதுவும் அழுக்கணவனைத்தான் தின்னும். ஒரு குடம்பி வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கில் தீர்க்கும். அழுக்கணவன் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே நெட்டுக்குத்தாக நிற்கும் மஞ்சள் முட்டைகளும் அதனுடையவைதான்.

அடித்தால் என்ன நடக்கிறது? வண்டும் குடம்பியும் சாகும். சுருண்ட இலைக்குள் மருந்து படாத நாலைந்து அழுக்கணவன் மிஞ்சும். அது ஆண் சேராமலே குட்டி போடும்; அந்தக் குட்டி ஒரு கிழமையளவில் தானும் குட்டி போடும். பொறிவண்டோ முட்டையிலிருந்து வண்டாக இரண்டு மூன்று கிழமை எடுக்கும். ஆகவே இரண்டாம் மருந்து, மூன்றாம் மருந்து. கடைக்காரருக்கு நல்ல போகம்!

பொறிவண்டு எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. மிளகாயில் அழுக்கணவன் வைரஸ் கொண்டுவரும், அங்கே வண்டை நம்பிக் காத்திருக்க ஏலாது. கத்தரி, பாகல் இலையை அரிக்கும் 28 புள்ளி வண்டு வேறு: மினுக்கமில்லாமல் மயிர் படர்ந்திருக்கும், குடம்பி மஞ்சளாய் முள்ளு முள்ளாய் இருக்கும். இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தர வேண்டியவர்கள் நீங்கள்தானே?

கௌப்பியில் முதலில் நுனியைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். குடம்பி இருந்தால் மூன்று நாலு நாள் விட்டு மறுபடி பார்க்கட்டும். எறும்பு ஏறினால் அதைத் தடுக்க வேண்டும். அழுக்கணவன் விடும் இனிப்பான தேன்கழிவுக்காக எறும்பு பொறிவண்டை விரட்டும். மோசமான நுனியைக் கிள்ளி அழிக்கலாம். அதற்கும் அடங்காவிட்டால், ஒரு லீற்றர் தண்ணீருக்கு இடித்த வேப்பம் பருப்பு 50 கிராம்: இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, பின்னேரத்தில் தெளிப்பது.

நாங்கள் கேட்பது ஒன்றே: மருந்து எழுதுமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள். கூடவே, ஒவ்வொரு கமநல நிலையத்திலும் குடம்பியின் படம் ஒன்றைப் பெரிதாக ஒட்டுங்கள். சுவரில் இடமில்லையென்றால் மருந்துக் கம்பனிக் கலண்டர் ஒன்றைக் கழற்றலாம். மன்னிக்கவும், கோபத்தில் வந்துவிட்டது. அடுத்த சிறுபோக விதைப்புக்கு முன் அந்தப் படத்தைத் தயவுசெய்து ஒட்டித் தாருங்கள்.

இப்படிக்கு,
தம்பலகாமம், மூதூர்ப் பக்கக் கௌப்பிச் செய்கையாளர்