பதினோராம் பக்கம்

தாத்தா,

நேதாஜி பட்டாளத்தில் இருந்த கதையை நீங்கள் எழுதிய நோட்டில், பதினோராம் பக்கத்தையும் தட்டச்சு செய்துவிட்டேன். மற்றதெல்லாம் போன மாதமே முடிந்தது. இது ஒன்றுக்குத்தான் கை வரவில்லை. இன்று ஜனவரி 23, நேதாஜி பிறந்தநாள். இன்றைக்கு விட்டால் இன்னொரு வருஷம் தள்ளிப்போடுவேன்.

1988-ல் கோயில் மண்டபத்தில் நேதாஜி படத்துக்கு மாலை போட்டு, கேசரி கிண்டியிருந்தார்கள். உங்களுக்குக் கண்புரை. எனக்கு வயது 13, இராப்பள்ளித் தமிழ். நோட்டை நான்தான் வாசித்தேன். ரங்கூன் பக்கம் மிங்கலடோன் முகாமில் பூட்ஸ் கடித்துக் கால் புண்ணானதற்குச் சிரித்தார்கள். 1944 ஜூலையில் ஜூப்ளி ஹாலில் நேதாஜி பேச, நீங்கள் பின்வரிசையில் எக்கி எக்கிப் பார்த்ததற்குக் கைதட்டினார்கள். நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தீர்கள். எழுதியது முழுக்க உங்களுக்கு மனப்பாடம்.

பத்தாம் பக்கம் முடிந்தது. அடுத்தது ஐராவதிக் கரையில் பகான்.

அந்தத் தாளை மட்டும் சேர்த்துப் புரட்டினேன். யார் சொல்லி என்று இங்கே எழுதப்போவதில்லை. அவர் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள். பெரியவர்கள் சொன்னால் கேட்கிற வயசு, அவ்வளவுதான். நான் பதிமூன்றாம் பக்கத்தில் ஊர் திரும்புவதை வாசிக்கிறேன், உங்கள் உதடு பதினோராம் பக்கத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இரண்டு மூன்று வரி அப்படியே போயிற்று. பிறகு உதடு நின்றது.

"நல்லா வாசிச்சே தாயி" என்றீர்கள். திட்டியிருக்கலாம். அதற்கப்புறம் நீங்கள் பேனாவைத் தொடவில்லை. மிச்சத் தாள்களில் அப்பத்தா பால் கணக்கு எழுதியது.

மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் தட்டச்சு செய்யும்போது கோபம் வந்தது. பத்துப் பக்கமும் 'நான் போனேன், நான் பார்த்தேன்' என்று எழுதியவர், 1945 பிப்ரவரியில் ஐராவதிக் கரை மணலுக்கு வந்ததும் 'அவன்' என்கிறீர்கள். ஜப்பான்காரன் போய்விட்டான். எதிர்க்கரைப் படகில் வருகிறவன் வெள்ளைக்காரன் இல்லை, தலைப்பாகை கட்டிய சீக்கியச் சிப்பாய். 'அவன்' வேட்டித் துணியைக் கிழித்துக் கம்பில் கட்டுகிறான். நீங்கள் 'அவன்' முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஊர் முன்னால் வாசிக்கிற பாரத்தை மட்டும் சின்னப் பிள்ளை தலையில் கட்டினீர்கள். நியாயமா தாத்தா?

சரி, விடுங்கள். உங்கள் கொள்ளுப்பேரனுக்கு 22. கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும், உங்களைப் போலவே. 2024 பிப்ரவரியில், 18 முதல் 35 வயது ஆண்கள் பட்டாளத்துக்கு வரவேண்டும் என்று பர்மா ராணுவ ஆட்சியில் அறிவித்தார்கள். பிறகு நடந்ததை இங்கே எழுத முடியாது. நன்றாக இருக்கிறான், சாப்பிடுகிறான்.

கிளம்புகிற அன்று கேட்டான்: "கொள்ளுத்தாத்தா தானாவே போய்ப் பட்டாளத்துல சேர்ந்தாராமே. நான் பயந்தாங்கொள்ளியாம்மா?"

நோட்டு இரண்டடி தூரத்தில், தகரப் பெட்டிக்குள் இருந்தது. "நேரமாச்சு, கிளம்பு" என்றேன். மறுபடியும் அதே தாளைப் புரட்டினேன், தாத்தா. இந்த முறை யாரும் சொல்லவில்லை.

அதனால்தான் இதை வெளியே விடுகிறேன். முதலில் அவனுக்கு அனுப்பினேன். படித்திருக்கிறான், பதில் இல்லை. அத்தை வீட்டில் மனம் வருந்துவார்கள், வருந்தட்டும். 'அவன்' என்று நீங்கள் எழுதியதை நான் மாற்றவில்லை.

கடைசி வரியில் மட்டும் ஒரு சொல்லைக் கறையான் தின்றுவிட்டது. 'துணியை உயர்த்திப் பிடித்தபோது அவனுக்கு ஒரே' என்று நிற்கிறது. அழுகையா? பசியா? உங்களைத் தெரிந்தவளுக்கு இரண்டும் பொருந்துகிறது. ஒரு சொல்லுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

உங்கள் பேத்தி