கட்டுநாயக்கவில் இறங்கினால் நீர்கொழும்பையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாடு போகிறவர்களுக்கு உங்கள் ஞாயிறு இணைப்பில் யோசனை சொல்லியிருந்தீர்கள். கொழும்பு வழியாகப் போகிறவர்கள் அங்கே ஓர் இரவு தங்க நேர்ந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியே வர வேண்டாம், நகரம் தூரம், பக்கத்தில் பார்க்க ஒன்றும் இல்லை என்று அதில் இருந்தது. நகரம் தூரம் என்பது சரி. விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்கவிலிருந்து கொழும்பு முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஆனால் பக்கத்தில் ஒன்றும் இல்லை என்று படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. பத்துக் கிலோமீட்டரில் நீர்கொழும்பு இருக்கிறது. அங்கே தமிழ் பேசுகிற கடற்கரைச் சனம் இருக்கிறது. நம் ஊர்ப் பத்திரிகைக்கு அவர்கள் ‘ஒன்றும் இல்லை’ ஆகிவிடக் கூடாது.

எனக்குத் தூத்துக்குடி, திரேஸ்புரம். கருவாட்டு வியாபாரம் எங்கள் குடும்பத்துத் தொழில். மகள் மெல்பர்னில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போகும்போதுதான் கட்டுநாயக்கவில் இறங்கினேன். அடுத்த விமானம் மறுநாள். இலங்கைக்குள் நுழைய இணையத்தில் எடுக்கிற பயண அனுமதியை மருமகன் முன்பே எடுத்து வைத்திருந்தார். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன விடுதியில் படுத்துவிட்டு, விடியுமுன்னே எழுந்து ஒரு ஆட்டோவைப் பிடித்தேன்.

விமான நிலையத்துச் சாலை அந்த நேரத்திலேயே விழித்திருந்தது. தூர ஊர்களிலிருந்து வந்த வேன்கள் ஓரத்தில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். நடுவில் புதுச் சேலையோ புதுச் சட்டையோ போட்ட ஒருத்தி, கையில் பாஸ்போர்ட் உறை. வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிற தாய்மார். ஒரு பிள்ளை தூக்கக் கலக்கத்தில் அம்மாவின் தோள் பையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பாட்டிதான் விரல்களைப் பிரித்து எடுத்தாள். கொஞ்ச தூரம் தள்ளி, 1978ல் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயம். தையல் ஆலைகளில் வேலை செய்கிற இளம்பெண்கள் சாப்பாட்டுப் பையோடு கூட்டம் கூட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படைத் தளமாக இருந்த இடம்தான் இன்றைய விமான நிலையம். இப்போது அந்த வாசல் வழியாகவும் வலயத்தின் வாசல் வழியாகவும் போய் வருகிற பெண்களின் உழைப்பில்தான் அந்த நாட்டுக்கு டாலர் வருகிறது. பக்கத்தில் ஒன்றும் இல்லை என்கிறவர்கள் இந்தச் சாலையில் அரை மணி நேரம் நின்று பார்க்கட்டும்.

நீர்கொழும்பில் மீன் சந்தையை ‘லெல்லம’ என்கிறார்கள். களப்பு (உப்பங்கழி) கடலில் கலக்கிற முகத்துவாரத்துப் பக்கம், டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டைக்கு அருகில் இருக்கிறது. கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது 1678 என்று பொறித்த வாயிலும் கொஞ்சம் மதிலும்தான். உள்ளே சிறைச்சாலை. நான் போய்ச் சேரும்போது ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்தது. சிமெண்டுத் தரை முழுக்க சூரை, நெய்மீன், சாளை. நெய்மீனை அவர்கள் அறுக்குளா என்கிறார்கள். பழக்கதோஷம், நான் குனிந்து ஒரு சூரையின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். ரத்தச் சிவப்பு, ராத்திரி பிடித்தது. விற்கிற பையன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘அக்காவுக்கு மீன் தெரியும்’ என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னான். தமிழில்தான் சொன்னான்.

அங்கிருந்து கடற்கரைக்கு நடந்தேன். எங்கள் ஊரில் சூரியன் கடலுக்குள்ளிருந்து வரும். அங்கே கடல் மேற்கே. வெளிச்சம் முதுகுப் பக்கம், தென்னைகளுக்குப் பின்னாலிருந்து வருகிறது. கடல் இருட்டாகவே கிடந்து, பிறகு வெளியிலிருந்து கரையை நோக்கி, தூரத்து அலை முதலில் வெளுத்து, கரை கடைசியாக வெளுக்கிறது. ஆயுள் முழுக்கக் கடற்கரையில் இருந்தும் நான் பார்த்திராத விடியல் அது. ஒரு பக்கம் மரக்கட்டையை மிதவையாகக் கட்டிய பாய்மர வள்ளங்கள் ஒன்றிரண்டு வந்துகொண்டிருந்தன.

மணலில் கயிற்றுப் பாய்களை விரித்துக் கருவாடு போட்டிருந்தார்கள். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது என் தொழில். மீனைப் பிளந்து, குடலெடுத்து, பீப்பாயில் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கடலில் அலசிக் கொண்டுவந்து காயவைக்கிறார்கள். சின்ன மீனைப் பிளப்பதில்லை, முழுசாகவே போடுகிறார்கள். ஒரு அம்மாள் வெயில் ஏறுமுன்பே மீன்களைச் சதைப்பக்கம் மேலே வரும்படி திருப்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாகத்தான். வாலைப் பிடித்துத் தூக்காமல், அடியில் கையைக் கொடுத்துத் திருப்புகிறார். வாலைப் பிடித்தால் ஈரச் சதை கீறிவிடும், கீறிய மீன் விலை போகாது. எங்கள் ஊர்ப் பெண்கள் அப்படித்தான் செய்வார்கள். கேட்காமலேயே நானும் உட்கார்ந்து இரண்டு பாய் திருப்பிக் கொடுத்தேன்.

உப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். வழக்கமாகப் புத்தளம் உப்பு என்றார். 2025ல் மழையால் அவர்கள் உப்பளங்களில் விளைச்சல் கெட்டு, இலங்கை இந்தியாவிலிருந்து உப்பு வாங்கியது. உப்பு விலை ஏறினபோது பட்ட பாட்டையும், பிறகு இந்திய உப்பு வந்ததையும் அந்த அம்மாள் சொன்னார். என் ஊரே உப்பளத்து ஊர். அவர் பீப்பாயில் எங்கள் பக்கத்து உப்பும் கரைந்திருக்கலாம் என்று நினைத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவர் வீட்டிலும் கடலிலும் தமிழ்தான். பிள்ளைகள் படிப்பது சிங்களத்தில். சிலாபம் வரை இந்தக் கரையில் பல ஊர்களில் இதுதான் நிலை. கடந்த நூற்றாண்டில் பள்ளிகள் சிங்களத்துக்கு மாறின. தமிழ் வாயில் இருக்கிறது, கையெழுத்தில் இல்லை. அவர்கள் பேசும் தமிழ் நம்முடையதைப் போல இல்லை, சிங்களத்தோடு உரசி உரசி வினைச்சொல்லே வேறு மாதிரி ஆகியிருக்கிறது. மொழியியல் படித்தவர்கள் அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பேச்சோடு வைத்துப் பார்த்தால் பாதி புரிந்தது, மீதி முகத்தைப் பார்த்துப் புரிந்தது. ஈழத் தமிழர் என்று நாம் எழுதும்போது யாழ்ப்பாணம் வரும், மட்டக்களப்பு வரும், மலையகம் வரும். நீர்கொழும்பு வந்து நான் படித்ததில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று (ஈஸ்டர்) நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் கோவிலில் குண்டு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோதுதான் நம் பத்திரிகைகளில் அந்த ஊரின் பெயர் வந்தது. அப்புறம் மறந்துவிட்டோம்.

அந்த அம்மாளின் கணவர் நீண்டநாள் படகில் சூரைக்குப் போகிறவர், வாரக்கணக்கில் கடலில் இருப்பவர். தெரிந்த ஒரு படகு எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, அதிலிருந்தவர்கள் தமிழ்நாட்டுச் சிறையில் இருந்துவிட்டு வந்தார்கள் என்று அந்த அம்மாள் சொன்னார். எனக்குப் பேச்சு வரவில்லை. நம் பையன்கள் அங்கே பிடிபடுவதை உங்கள் பத்திரிகையில் வாரம் தவறாமல் படிக்கிறேன். அவர்கள் பையன்கள் இங்கே பிடிபடுவது உள்பக்கத்தில் நாலு வரி. கடலடியை வாரிக்கொண்டு போகிற இழுவைமடி வலையை அந்த நாடு 2017ல் சட்டம் போட்டுத் தடுத்தது. பாக் நீரிணையில் நம் படகுகள் இன்னும் அதைப் போடுகின்றன. அதில் வலை அறுபடுகிற இலங்கை வடக்குக் கரைக்காரர்களும் தமிழர்தான். இதை எழுதினால் எங்கள் பக்கமே கோபப்படுவார்கள் என்று தெரியும். பரவாயில்லை, மடி இழுக்காத வல்லக்காரர் குடும்பத்தில் பிறந்தவள் நான், சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

2011ல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார்கள். சில மாதத்திலேயே நின்றுபோனது. எங்கள் தோணிகள் சரக்கோடு கொழும்புக்குப் போய்வந்த காலத்தில் இரண்டு கரைக்காரர்களுக்கும் ஒருவரை ஒருவர் முகம் தெரியும். இப்போது ஆட்கள் ஆகாயத்தில் போகிறோம், கட்டுநாயக்கவில் இறங்குகிறோம், நாற்காலியில் தூங்கி எழுந்து போய்விடுகிறோம். திருச்சி, மதுரை, சென்னையிலிருந்து அந்த வழியாகப் போகிறவர்கள் எத்தனை பேர்! அவர்களில் சிலராவது லெல்லம வரை போனால் போதும்.

திரும்பும்போது ஆறு மணி தாண்டியிருந்தது. தெருவில் பியானோ மெட்டு ஒலித்துக்கொண்டு ரொட்டி விற்கிற ஆட்டோ வந்தது. சூன் பாண் என்கிறார்கள். ஒரு சீனிப் பணிஸ் (இனிப்பு பன்) வாங்கிச் சாப்பிட்டேன். விமானத்துக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறன்று போகாதீர்கள், லெல்லம கிடையாது, எல்லோரும் தேவாலயப் பூசைக்குப் போயிருப்பார்கள். எங்கள் ஊரிலும் ஞாயிறு கடல் இல்லை. ஆட்டோவில் ஏறுமுன் வாடகையைப் பேசிக்கொள்ளுங்கள், காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விடுவதையும் சேர்த்து. இலங்கை ரூபாயை விமான நிலையத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். செருப்பு நனையும், பழையதைப் போடுங்கள்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்த ஒரு வரியைத் திருத்திப் போடுங்கள். முடிந்தால் ஒரு நிருபரை நீர்கொழும்புக்கும் சிலாபத்துக்கும் அனுப்புங்கள். தமிழ் தெரிந்தவராக இருந்தால் போதும், சிங்களம் தெரியாவிட்டாலும் கடற்கரையில் அவருக்குப் பேச ஆள் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திரேஸ்புரம், தூத்துக்குடி.