பார்த்தனானுக்கும் மூத்தவள் அதீனா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிரேக்கத் தெய்வமான அதீனாவின் வழிபாடு ஏதென்ஸ் நகரின் பார்த்தனான் கோயிலோடு தொடங்கியது என்ற கருத்துப்படத் தங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரை சரியன்று. அக்கோயிலின் திருப்பணி கி.மு. 447இல்தான் தொடங்கியது, ஆனால் அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் முற்பட்டதும், கிரீட் தீவின் நாசஸ் அரண்மனையில் கிடைத்ததுமான களிமண் பலகையொன்றில் ‘அதானா பொத்னியா’ என்னும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அப்பலகையின் பண்டைய எழுத்துமுறையை 1952இல் ஆங்கிலேயரான மைக்கேல் வென்ட்ரிஸ் படித்தறிந்த பின்னரே இது தெரியவந்தது. ‘அதானா என்னும் இடத்தின் தலைவி’ என்று அறிஞர் பலர் அதற்குப் பொருள் கொள்கின்றனர். தாமிரபரணிக் கரையில் பேராத்துச்செல்வி அம்மனை வணங்கி வளர்ந்த எனக்கு, இடப்பெயரோடு சேர்ந்த அந்தத் ‘தலைவி’ அந்நியமாகத் தோன்றவில்லை.

அதீனாவுக்கு எடுத்த பானதீனைய விழாவில் ஏதென்ஸ் மக்கள் ஆடை சாத்தியதும் பார்த்தனானில் பொன்னும் தந்தமும் இழைத்து நின்ற பெருஞ்சிலைக்கு அன்று. ஒலிவ மரத்தாலான தொன்மையான உருவத்துக்கே. அதற்கெனப் பெண்கள் பல மாதங்கள் முன்பே தறியில் பாவு ஏற்றி, குங்குமப்பூ நிற ஆடையை நெய்தனர். கொடை நாளில் நான்கு முனையிலும் மஞ்சள் தடவிய புதுப்புடவையைத் தாம்பாளத்தில் வைத்து என் தாயார் இரு கைகளாலும் ஏந்திச் சென்றதைக் கண்டவன் என்பதால், அவ்வாடையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது. அடுத்த இதழில் இவற்றைச் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

வாசகர்,
வண்ணார்பேட்டை, திருநெல்வேலி.